கராஜை அறையாக மாற்றும் முன்: தரையின் சரிவுக்குக் காரணம் கேளுங்கள்

கையில் இருக்கும் சொத்தை வருமானம் தரும் சொத்தாக மாற்றுவது வியாபாரியின் முதல் பாடம். சும்மா கிடக்கும் ஓர் இடம் மாதா மாதம் வாடகை தரத் தொடங்கினால், அது புதிதாக ஒரு சிறு கடை திறந்ததற்குச் சமம். அதனால்தான் நமது பகுதியில் பலர் வீட்டோடு சேர்ந்த கராஜை அறையாக மாற்றப் பார்க்கிறார்கள். கராஜ் என்று இங்கே நான் சொல்வது வாகனம் திருத்தும் இடத்தை அல்ல, வீட்டில் வாகனம் நிறுத்தக் கட்டிய அறையை.

பல்லேகலயில் இதற்குத் தேவையும் இருக்கிறது. கண்டி - மஹியங்கனை வீதியில் மத்திய மாகாண சபையின் கட்டடத் தொகுதி இருக்கிறது, கைத்தொழிற் பேட்டை இருக்கிறது. 2009ஆம் ஆண்டு முதல் சர்வதேச கிரிக்கெட் மைதானமும் இருக்கிறது. 2014இல் கண்டி போகம்பறை சிறைச்சாலையும் இப்பகுதிக்கு மாற்றப்பட்டது. வேலைக்காக வந்து தங்குபவர், போட்டி பார்க்க வருபவர், பெரஹர காலத்தில் கண்டிக்கு வருபவர் என்று அறை தேடுவோர் பல வகையினர். நமது வியாபாரிகளுக்கோ துணி, செருப்பு, பிளாஸ்டிக் சாமான் அடுக்கி வைக்க இடம் போதாது. வாகனம் இல்லாத வீட்டுக்காரருக்கு வெறும் கராஜ் கண்ணில் உறுத்தத்தானே செய்யும்.

ஹார்ட்வெயார் கடைக்கு இந்த வேலையாக வருபவர் கேட்கும் முதல் கேள்வி, “நானா, கராஜ் தரையை மட்டமாக்க வேண்டும், எத்தனை பேக் சீமெந்து போகும்?” என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, “தம்பி, எத்தனை அங்குலம் சரிவு? எந்தப் பக்கம் சரிகிறது? ஏன் சரிகிறது?” என்று. முதல் இரண்டுக்கும் பதில் வரும். மூன்றாவதற்குப் பதில் வருவது குறைவு. ஆனால் செலவழித்த பணம் நிற்குமா போகுமா என்பது அந்த மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது. இந்த வாரப் பாடம் அதைப் பற்றியது.

சரிவு வந்த காரணம் மூன்று

முதலாவது, வேண்டுமென்றே வைத்த சரிவு. மழையில் நனைந்து வரும் வாகனத்திலிருந்து தண்ணீர் சொட்டும். கழுவினாலும் தண்ணீர் தேங்கும். எண்ணெயோ பெற்றோலோ ஒழுகினால் அது வீட்டுக்குள் போகாமல் வெளியே போக வேண்டும். ஆகவே மேசன் பாஸ் கராஜ் தரையை வாசல் பக்கம் தாழ்த்தி வைக்கிறார். இது நமது நாட்டு வழக்கம் மட்டுமல்ல. அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதிகளிலும் கராஜ் தரை வடிகானை நோக்கியோ வாகனம் நுழையும் வாசலை நோக்கியோ சரிந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. வழக்கமாக ஓர் அடிக்கு கால் அங்குலம் முதல் அரைக்கால் அங்குலம் வரை சரிவு வைப்பார்கள். அதாவது 18 அடி நீளக் கராஜில் பின்சுவருக்கும் வாசலுக்கும் இடையே இரண்டேகால் அங்குலம் முதல் நாலரை அங்குலம் வரை வித்தியாசம் இருக்கலாம்.

இரண்டாவது, கவனக் குறைவால் வந்த சரிவு. வாசல் பக்கம் சரிவு சரியாக இருக்கும். ஆனால் ஒரு மூலை அரை அங்குலம் உயர்ந்திருக்கும், நடுவில் பள்ளம் இருக்கும். வாகனம் நிறுத்தும்போது யாரும் இதைப் பார்ப்பதில்லை. கட்டில் போட்டு அலுமாரி வைத்தால்தான் தெரியும். இது பெரிய குறையல்ல.

மூன்றாவது, தரை இறங்கியதால் வந்த சரிவு. இதுதான் ஆபத்தானது. மலைநாட்டில் சமதரை கிடைப்பதில்லை. ஒரு பக்கம் மண்ணை வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் நிரப்பி, அதன் மேல்தான் கராஜ் போடுகிறோம். நிரப்பிய மண் சரியாக இறுகவில்லை என்றால் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அமர்ந்துகொண்டே இருக்கும். அதனுடன் தரையும் இறங்கும்.

இதைக் கண்டுபிடிக்க இயந்திரம் தேவையில்லை. தரை வாசலை நோக்கிச் சரியாமல் ஒரு மூலையை நோக்கியோ பின்சுவரை நோக்கியோ சரிகிறதா என்று பாருங்கள். சுவரும் தரையும் சேரும் இடத்தில் இடைவெளி விட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தடித்த கம்பியால் தரையைத் தட்டிப் பாருங்கள். கெட்டியான இடத்தில் ஒரு சத்தமும், கீழே வெறுமையான இடத்தில் பானையைத் தட்டுவது போன்ற சத்தமும் வரும். வெடிப்பு இருந்தால் அதன் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, திகதியை எழுதி, வெடிப்பின் அகலத்தையும் குறித்து வையுங்கள். ஒரு மழைக்காலம் கழிந்து பார்க்கும்போது கோடு விலகியிருந்தால் தரை இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

திகன பகுதியில் 2020 ஓகஸ்ட் 29இலும் அதன் பின்னரும் சிறு நில அதிர்வுகள் உணரப்பட்டதை நமது மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பல்லேகலயில் உலக வலைப்பின்னலோடு இணைந்த நில அதிர்வுப் பதிவு நிலையம் ஒன்றும் இருக்கிறது. சிறு அதிர்வால் ஒழுங்காகக் கட்டிய வீடு விழுந்துவிடாது. ஆனால் பழைய வெடிப்பு எது, புதிய வெடிப்பு எது என்று தெரிய வேண்டுமென்றால் திகதியிட்ட அந்தக் கோடு கையில் இருக்க வேண்டும்.

இறங்கிக்கொண்டிருக்கும் தரையின் மேல் சீமெந்து போட்டு மட்டமாக்குவது, ஒழுகும் பாத்திரத்தில் மேலும் தண்ணீர் ஊற்றுவது போன்றது. பாரம் கூடுவதால் அது இன்னும் இறங்கும். அப்படியான தரையை உடைத்து எடுத்து, மண்ணை அடுக்கடுக்காக இறுக்கி, புதிதாகப் போடுவதுதான் வழி. பின்பக்கம் வெட்டிய மண்மேடு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியின்போது கண்டி மாவட்டத்தில் மண்சரிவு எத்தனை உயிர்களை எடுத்தது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். வாகனம் நிற்கும் இடத்தில் மண் விழுந்தால் வாகனம் போகும். மனிதர் தூங்கும் இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மேட்டைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பெறாமல் அங்கே யாரையும் தங்க வைக்காதீர்கள்.

தண்ணீர்க் குழாயால் அளப்பது எப்படி?

தரை உறுதியானது என்று தெரிந்த பின்பே அளவெடுக்க வேண்டும். இதற்கு விலை கூடிய லேசர் கருவி அவசியமில்லை. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாய் 30 அடி போதும். அதில் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குமிழி இருந்தால் அளவு பொய் சொல்லும். ஒரு முனையை பின்சுவர் மூலையில் பிடித்து, தரையிலிருந்து 3 அடி உயரத்தில் தண்ணீர் நிற்கும்படி செய்து சுவரில் குறி போடுங்கள். மறு முனையை மற்ற மூலைகளுக்கும் பக்கச் சுவர்களின் நடுவுக்கும் கொண்டுபோய் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறியுங்கள். எல்லாக் குறிகளையும் நூல் தட்டி இணைத்தால் அறையைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஒரு கோடு கிடைக்கும்.

இனி அந்தக் கோட்டிலிருந்து தரை வரை அளந்து, ஒரு தாளில் கராஜின் படம் கீறி அந்தந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பின்சுவரில் 36 அங்குலம், நடுவில் 37½, வாசலில் 39 என்று வந்தால் சரிவு 3 அங்குலம். நடு அளவு சரியாக இடைப்பட்டதாக இருப்பதால் அது ஒழுங்கான சரிவு என்றும் தெரிகிறது. இந்தத் தாள் உங்களிடம் இருந்தால் கொந்தராத்துக்காரர் சொல்லும் கணக்கை நீங்களே சரிபார்க்கலாம்.

சமப்படுத்தத் தேவையில்லாத இடமும் உண்டு

வெறும் ஸ்டோராக மட்டும் பாவிக்கப் போகிறீர்கள் என்றால் தரையைத் தொடாதீர்கள் என்பதே எனது ஆலோசனை. ராக்கைகளின் கால்களுக்குக் கீழே தட்டை வைத்து ராக்கையை மட்டமாக்கலாம். தரையிலிருந்து 4 அங்குலம் உயர்த்திய மரத் தட்டுகளின் மேல் சாமானை அடுக்கலாம். தவறித் தண்ணீர் வந்தாலும் பழைய சரிவு அதை வெளியே கொண்டுபோகும். துணிக் கட்டும் நனையாது. மட்டமான தரையில் அரை அங்குலம் தண்ணீர் நின்றால் கீழ் அடுக்கு முழுவதும் நஷ்டம்.

மனிதர் தங்கும் அறை, வாடிக்கையாளர் வந்து போகும் கடை, அலுவலகம் ஆகியவற்றுக்கே மட்டமான தரை வேண்டும்.

ஈரத்தை முதலில் சோதியுங்கள்

கராஜ் தரையின் கீழே ஈரம் தடுக்கும் பொலிதீன் போடாமல் விடுவது நம்மிடையே சாதாரணம். வாகனத்துக்கு ஈரம் தெரியாது. மெத்தைக்கும் துணிக்கும் மனிதரின் நெஞ்சுக்கும் தெரியும். ஒன்றரை அடிச் சதுரப் பொலிதீன் துண்டை தரையில் விரித்து, நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, ஓர் இரவும் பகலும் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது அடியில் நீர்த்துளி இருந்தாலோ கொங்கிறீட் கறுத்திருந்தாலோ கீழிருந்து ஈரம் ஏறுகிறது. பெப்ரவரி வெயிலில் இந்தச் சோதனை செய்து திருப்தி அடைய வேண்டாம். மழைக்காலத்தில் செய்யுங்கள். சுவரின் அடியில் வெள்ளை உப்புப் பூத்திருந்தால் சோதனையே தேவையில்லை, பதில் சுவரில் எழுதியிருக்கிறது.

எந்த முறை பொருத்தம்?

மூன்று அங்குலச் சரிவை மூட நமது பகுதியில் சொல்லப்படும் வழிகள் சில உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று, மணலோ உடைத்த கல்லோ நிரப்பி மேலே ஓர் அங்குலம் சீமெந்து பூசுவது. மலிவானது. ஆனால் கட்டில் காலும் அலுமாரிக் காலும் அழுத்தும் இடத்தில் நொறுங்கும். இதைச் செய்யாதீர்கள்.

இரண்டு, உயர்ந்த பக்கத்தில் ஒன்றுமில்லாமல் தொடங்கி தாழ்ந்த பக்கத்தில் 3 அங்குலமாக முடியும்படி சீமெந்துச் சாந்து போடுவது. தாளில் பார்க்க அழகான கணக்கு. ஆனால் சீமெந்தும் மணலும் கலந்த சாந்து மெல்லிய விளிம்பில் நிற்காது, ஓடு போல கழன்று வரும். பழைய தரையோடு ஒட்டிப் போடும் சாந்துக்குக் குறைந்தது ஓர் அங்குலம் தடிப்பு வேண்டும். அதற்கும் பழைய தரையை உளியால் கொத்தி, எண்ணெய்க் கறை முழுவதையும் எடுத்து, கழுவி, இரவு முழுவதும் ஊறவைத்து, சீமெந்துக் கூழ் பூசிய உடனேயே சாந்து போட வேண்டும். எஞ்ஜின் எண்ணெய் ஊறிய இடத்தில் எதுவும் ஒட்டாது. எண்ணெய் ஊறிய அளவுக்குக் கொத்தி எடுத்தே ஆக வேண்டும்.

மூன்று, தானாகவே பரவி மட்டமாகும் தூள். பேக்கில் வருவது, தண்ணீரில் கரைத்து ஊற்றுவது. சில மில்லிமீற்றர் மேடு பள்ளத்துக்கு இது அருமையான சாமான். ஒழுங்கான தரையில் டைல்ஸுக்கோ வைனலுக்கோ முன்பு போடலாம். மூன்று அங்குலச் சரிவை இதால் நிரப்பப் போனால் செலவு தாங்காது. பேக்கில் எழுதியிருக்கும் அதிகபட்சத் தடிப்பைத் தாண்டியும் போடக் கூடாது.

நான்கு, சரிவுக்கு ஏற்றபடி சீவிய மரச் சட்டங்களின் மேல் பலகை அடிப்பது. பாரம் குறைவு, பிறகு வாகனம் வாங்கினால் கழற்றியும் விடலாம். ஆனால் கறையானும் ஈரமும் எலியும் நமது சூழலில் இதற்குப் பகை. கீழே காற்றோட்டம் வைக்க முடியாத கராஜுக்கு இது சரிவராது.

ஐந்து, பழைய தரையின் மேல் பொலிதீன் விரித்து, அதன் மேல் முழுவதும் கொங்கிறீட் போட்டு மட்டமாக்குவது. பழைய தரையோடு ஒட்ட வேண்டிய தேவை இல்லாததால் எண்ணெய்க் கறை பிரச்சினையாகாது. ஈரமும் மேலே வராது. ஒரே நிபந்தனை, மிக மெல்லிய இடத்திலும் 2 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. நிலத்தின் மேல் இருக்கும் உறுதியான கராஜ் தரைக்கு நான் சொல்வது இந்த முறையைத்தான்.

பொலிதீன் 1000 கேஜ் தடிப்பாக இருக்க வேண்டும். இரண்டு துண்டு சேரும் இடத்தில் குறைந்தது 6 அங்குலம் ஒன்றின் மேல் ஒன்று ஏற வேண்டும். சுவரோரம் புதிய தரையின் உயரம் வரை மேலே மடித்து விட வேண்டும். மேசன் பாஸ் மடிப்பை வெட்டி எறிந்துவிட்டால் ஈரம் அந்த ஓரத்தால் ஏறிவிடும்.

இனி சீமெந்துக் கணக்கு

கராஜ் 10 அடி அகலம், 18 அடி நீளம், சரிவு 3 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். பின்சுவரில் 2 அங்குலம், வாசலில் 5 அங்குலம். சராசரி மூன்றரை அங்குலம். 180 சதுர அடியை மூன்றரை அங்குலத்தால் பெருக்கி 12ஆல் பிரித்தால் 52½ கன அடி. நமது கணக்கில் அரைக் கியூபுக்குச் சற்று அதிகம்.

இதை ஒன்றுக்கு மூன்று சாந்தால் நிரப்பினால் ஏறக்குறைய 14 பேக் சீமெந்தும் அரைக் கியூபுக்குச் சற்று அதிகமான மணலும் போகும். ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்ற கணக்கில் சிறிய சிப்ஸ் கல் சேர்த்து கொங்கிறீட்டாகப் போட்டால் 10 பேக், கால் கியூப் மணல், அரைக் கியூப் சிப்ஸ் போதும். சீமெந்து குறைகிறது, வெடிப்பும் குறைகிறது. சீமெந்து கூடினால் பலம் கூடும் என்று நினைத்து அள்ளிப் போடுபவர் வெடிப்பைத்தான் வாங்குகிறார். தண்ணீரும் அப்படித்தான். 50 கிலோ பேக் ஒன்றுக்கு 25 லீற்றருக்கு மேல் வேண்டாம். மணல் நனைந்திருந்தால் அதிலும் குறையுங்கள்.

விலையை நான் இங்கே எழுதவில்லை. சீமெந்து விலை எப்படி ஏறி இறங்கும் என்பதை 2022இல் எல்லோரும் பார்த்தோம். அளவு தெரிந்தால் அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளலாம்.

போடும்போது 18 அடியையும் ஒரே பாளமாகப் போடாமல் நடுவில் பிரித்து 9 அடி வீதம் இரண்டு பாளமாகப் போடுங்கள். வெடிப்பதானால் அந்தப் பிரிவில் வெடிக்கும். சுவரில் முன்பு போட்ட கோட்டிலிருந்து அளந்து மட்டக் கட்டைகள் வைத்து, நேரான அலுமினியச் சட்டத்தால் இழுத்து விட வேண்டும். வேலை சரியா என்று பார்க்க 2 மீற்றர் சட்டத்தை தரையில் வையுங்கள். அதன் கீழே 5 மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி இல்லையென்றால் பிரித்தானிய நியமத்தின்படியும் சாதாரண அறைக்கு அது நல்ல வேலை.

கராஜுக்குக் கீழே அறை இருக்கிறதா?

இந்தக் கேள்வியைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. கண்டிப் பகுதியில் வீதி மேலேயும் வீடு கீழேயும் இருக்கும் காணிகள் ஏராளம். வீதி மட்டத்தில் கராஜ், அதன் கீழே படுக்கை அறையோ சமையலறையோ இருக்கும். அங்கே கராஜ் தரை என்பது தூண்களில் தாங்கி நிற்கும் சிலாப்.

மேலே கணக்குப் போட்ட 52½ கன அடி கொங்கிறீட்டின் பாரம் ஏறக்குறைய மூன்றரை தொன். ஒரு சிறிய கார் ஒரு தொன் அளவுதான். அதுவும் காலையில் போய் இரவில் வரும். இந்த மூன்றரை தொன் இரவும் பகலும் அங்கேயே இருக்கும். அதன் மேல் புதிய சுவர், டைல்ஸ், தளபாடம், மனிதர் எல்லாம் ஏறும். கம்பி எத்தனை போட்டிருக்கிறது என்று யாருக்கும் ஞாபகமில்லாத சிலாப்பின் மேல் இதை ஏற்றுவது, கீழே தூங்கும் பிள்ளைகளின் தலைக்கு மேல் ஏற்றுவதாகும். இப்படியான இடத்தில் பட்டயம் பெற்ற பொறியியலாளர் ஒருவர் பார்த்து எழுத்தில் தராமல் ஒரு சட்டி சாந்தும் போடாதீர்கள். பாரம் குறைந்த மரத் தரைதான் அங்கே பொருத்தமாகலாம். அதையும் அவரே சொல்லட்டும்.

வாசலில் தண்ணீருக்கு வழி

சரிவு இருந்தவரை கராஜுக்குள் வந்த தண்ணீர் தானாகவே வெளியே போனது. இனிப் போகாது. ஆகவே தண்ணீர் உள்ளே வராமலே தடுக்க வேண்டும்.

வீதியிலிருந்து கராஜை நோக்கி இறங்கும் பாதையாக இருந்தால், வாசலுக்கு வெளியே குறுக்காக ஒரு கான் வெட்டி, மேலே இரும்புத் தட்டி போட்டு, அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் இடத்தையும் ஒழுங்கு செய்யுங்கள். அடுத்த வீட்டுக் காணிக்குள் திருப்பி விடக் கூடாது. கூரைப் பீலியின் தண்ணீர் வாசலடியில் விழுந்தால் அதையும் குழாய் போட்டுத் திருப்புங்கள். அறையின் தரை வெளி நிலத்தை விட 6 அங்குலமாவது உயர்ந்திருக்க வேண்டும்.

ரோலர் டோரைக் கழற்றி அந்த இடத்தில் சுவர் கட்டுபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பக்கச் சுவர்களுக்கு அத்திவாரம் இருக்கும். வாகனம் போன வாசலின் கீழே பெரும்பாலும் இருக்காது. அங்கே தரையின் மேல் நேரடியாகக் கல் அடுக்கினால் சுவர் தனியாக இறங்கி, இரு பக்கமும் நேர்கோடாக வெடிக்கும். வாசல் அகலத்துக்கு அத்திவாரம் வெட்டிக் கட்டி, அதன் மேல் ஈரம் தடுக்கும் படையும் வைத்து, பிறகே சுவரை எழுப்ப வேண்டும்.

வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு வரும் கதவு இருந்தால், புதிய தரையும் டைல்ஸும் சேர்ந்து எந்த உயரத்தில் முடியும் என்பதை முன்பே பாருங்கள். வேலை முடிந்த பின் கதவு திறக்கவில்லை என்று கதவின் அடியை வெட்டுவதும், தரை உயர்ந்ததால் நிலையில் தலை இடிப்பதும் தாளில் கணக்குப் போட்டிருந்தால் வராத பிரச்சினைகள். கூரை தாழ்வானது, 5 அங்குலம் உயர்த்த இடமில்லை என்றால் பழைய தரையை உடைத்துப் புதிதாகப் போடுவதே வழி.

காயும் காலத்தை வியாபாரத்தில் சேருங்கள்

பலர் நஷ்டப்படுவது இந்த இடத்தில்தான். கொங்கிறீட் போட்ட மறுநாள் முதல் 7 நாட்களாவது நனைத்த சாக்கு போட்டு ஈரமாக வைத்திருக்க வேண்டும். அது பலம் பிடிக்க. அதன் பிறகுதான் காயத் தொடங்குகிறது. 2 அங்குலம் வரை நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் என்பது பொதுவான கணக்கு. அதாவது 2 அங்குலத்துக்கே 50 நாள். வாசல் பக்கத்து 5 அங்குலம் அதை விட மிகவும் மெதுவாகக் காயும். பொலிதீன் கீழே இருப்பதால் உள்ளே இருக்கும் தண்ணீருக்கு மேலே வருவதைத் தவிர வேறு வழியுமில்லை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கண்டியில் மழை கூடிய காலம். அப்போது போட்டால் இன்னும் தாமதமாகும். ஜனவரி பிறந்து மழை விட்ட பின் போடுவது நல்லது.

சீமெந்துப் பசையால் ஒட்டும் டைல்ஸ் ஓரளவு ஈரத்தைத் தாங்கும். நாலு வாரம் கழித்து ஒட்டலாம். வைனல், கார்பெட், மரப் பலகை ஆகியவற்றை ஈரத் தரையில் போட்டால் கொப்பளிக்கும், பூஞ்சணம் பிடிக்கும், நாற்றமெடுக்கும்.

ஆகவே தரை போட்ட வாரமே, “அடுத்த முதலாம் திகதி அறை தருகிறேன்” என்று முற்பணம் வாங்காதீர்கள். அவசரத்தில் மூடிய ஈரம், வாடகைக்கு வந்தவரின் மெத்தையிலும் உடுப்புப் பெட்டியிலும் வெளிப்படும். அவர் இரண்டாம் மாதம் போய்விடுவார். தரையை உடைத்துத் திரும்பப் போடும் செலவோடு வாடகையும் நிற்கும். தவிரவும், ஈரம் இருப்பதை அறிந்துகொண்டே புதிய டைல்ஸால் மறைத்துக் கொடுப்பது, கெட்ட சரக்கை நல்ல சரக்கின் கீழே வைத்து விற்பதற்குச் சமம். நமது கடைகளில் அதைச் செய்யாத நாம் நமது வீட்டு அறையிலும் செய்யக் கூடாது.

அனுமதியும் பதிவும்

பல்லேகல குண்டசாலை பிரதேச சபைக்கு உட்பட்டது. வரைபடத்தில் வாகனத் தரிப்பிடம் என்று காட்டி அனுமதி பெற்ற இடத்தை அறையாகவோ கடையாகவோ மாற்றுவதற்கு முன்பு சபையில் விசாரித்து அனுமதி பெற வேண்டும். யன்னல், வெளிச்சம், காற்றோட்டம், கூரை உயரம் பற்றிய விதிகளையும் அங்கேயே கேட்டு, அதற்கேற்ப வரைபடம் செய்யுங்கள். சுவர் கட்டிய பின் யன்னலுக்காக உடைப்பது இரட்டைச் செலவு. கடையாக நடத்தினால் வியாபார அனுமதிப்பத்திரமும் வேண்டியிருக்கும். சோலை வரி மாறலாம். மின்சாரமும் வீட்டுப் பாவனைக் கட்டணத்திலிருந்து வேறு பிரிவுக்குப் போகலாம். வீட்டுக்குக் காப்புறுதி செய்திருந்தால் கம்பனிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். அறிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க இடம் கொடுக்காதீர்கள்.

இன்னொரு விடயம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் கராஜ் இனித் தேவையில்லை என்று நினைத்தவர்கள் உண்டு. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. நாளை நீங்கள் வாகனம் வாங்கினால் எங்கே நிறுத்துவீர்கள்? வீட்டை விற்கப் போனால் வாங்குபவர் கராஜ் கேட்பாரா? இவற்றுக்கும் பதில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

கடைசியாக இலாபக் கணக்கு

தரை, சுவர், யன்னல், மின்சாரம், கான், அனுமதிக் கட்டணம், அறை காயும் வரை வராத வாடகை எல்லாவற்றையும் கூட்டுங்கள். மாத வாடகையிலிருந்து தண்ணீர், மின்சாரம், பராமரிப்புச் செலவைக் கழியுங்கள். முதலாவதை இரண்டாவதால் பிரித்தால் போட்ட முதல் எத்தனை மாதத்தில் திரும்பும் என்று தெரியும். கணக்குக்காக, மொத்தச் செலவு 3 இலட்சம், மிஞ்சும் வாடகை மாதம் 15,000 என்றால் 20 மாதம். இதில் தரையை ஒரு தடவை உடைத்துத் திரும்பப் போட நேர்ந்தால் 20 மாதம் 30 மாதமாகிவிடும்.

எனவே மேசன் பாஸை அழைக்கும் முன் இந்த ஐந்து கேள்விகளுக்கும் தாளில் பதில் எழுதிக்கொள்ளுங்கள். தரை ஏன் சரிகிறது? அதன் கீழே இருப்பது மண்ணா, அறையா? ஈரம் ஏறுகிறதா? சரிவை எடுத்த பின் தண்ணீர் எந்த வழியால் போகும்? எந்த மாதம் போட்டு எந்த மாதம் வாடகைக்குக் கொடுப்பேன்? இவற்றுக்குப் பதில் கிடைத்த பின் கடைக்கு வாருங்கள். சீமெந்து எத்தனை பேக் என்பதை ஐந்து நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடலாம்.